வளைவை அளந்த நூலும் கவராயமும்

ஒரு பள்ளிவாசலின் குப்பாவுக்கு வெள்ளையடிக்க வேண்டியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. சுவரை அளப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. நீளத்தை உயரத்தால் பெருக்கினால் போதும். குப்பாவை எப்படி அளப்பது? அடிப்பகுதியின் விட்டம் 20 அடி. "பாதிப் பந்து என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் ஒருவர். ஆனால் அந்தக் குப்பா பாதிப் பந்து அன்று. மேலே செல்லச் செல்லக் கூம்பி நிற்கிறது. பாதிப் பந்து என்று கணக்கிட்டால் யாரோ ஒருவருக்கு நட்டம். அது பெரும்பாலும் ஏணியில் ஏறி நிற்பவருக்குத்தான்.

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரை வன்மையாக எச்சரிக்கும் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு; 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன். அதை ஓதும்போது தானியக் கடையும் தராசும் நம் நினைவுக்கு வரும். வளைவான பொருளை நேரான கோலால் அளக்க நேரும்போது என்ன செய்வது? முஸ்லிம் உலகின் கணித அறிஞர்களும் கைவினைஞர்களும் பல நூற்றாண்டுகள் இந்தக் கேள்வியோடு போராடினார்கள். அவர்கள் கையாண்ட கருவிகள் மிக எளியவை: ஒரு நூல், ஒரு கோல், ஒரு கவராயம். அவற்றின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

நூல் சொன்ன கணக்கு

வளைவை அளக்கும் கருவிகளில் மிகப் பழையது நூல். பானையின் வாயைச் சுற்றி நூலைப் படியவைத்து, பிறகு அதை நீட்டிக் கோலின் மேல் வைத்தால் சுற்றளவு கிடைத்துவிடும். வளைவை நேராக்கிக் காட்டும் இந்த ஆற்றல் கோலுக்கு இல்லை. ஆனால் நூலுக்கும் குறை உண்டு. இழுத்தால் நீளும், நனைந்தால் அளவு மாறும், பெரிய கட்டடத்தைச் சுற்றி அதைத் தொய்வின்றிப் பிடிக்க இயலாது. எனவே விட்டத்தை மட்டும் அளந்து சுற்றளவைக் கணக்கால் அறியும் வழி தேவைப்பட்டது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் அளவையியலுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். வட்டத்தின் சுற்றளவை அறிய அங்கே மூன்று வழிகளைத் தருகிறார். விட்டத்தை மூன்றும் ஏழில் ஒரு பங்கும் கொண்டு பெருக்குவது முதல் வழி. நம் பள்ளிப் பாடத்தில் 22/7 என்று படிப்பது இதுவே. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண்பது இரண்டாவது. விட்டத்தை 62,832ஆல் பெருக்கி 20,000ஆல் வகுப்பது மூன்றாவது; அது வானியலாரின் வழி என்கிறார். இந்த மூன்றாம் எண் கி.பி. 499இல் இந்தியாவில் ஆரியபட்டர் தந்த எண். அறிவு எங்கிருந்து வந்தாலும் அதை ஏற்று, இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் பண்பு அக்கால பக்தாதில் இருந்தது.

ஒரே கேள்விக்கு மூன்று விடைகளை அவர் ஏன் தந்தார்? மக்களின் அன்றாடத் தேவைக்கு முதல் விடை போதும். விண்ணை அளப்பவருக்கு அது போதாது. எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று அறிந்து, கையில் உள்ளது அண்மை அளவா முழுமையான அளவா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அளவையில் நேர்மை என்பதன் ஒரு பகுதி இது. ஆரியபட்டரும் தம் எண்ணை அண்மை அளவு என்றே குறித்திருந்தார்.

கருவியைச் சோதித்த அறிஞர்

அடுத்த நூற்றாண்டில் அதே பக்தாதுக்கு அபுல் வஃபா அல்பூஸ்ஜானி வந்து சேர்ந்தார். ஹிஜ்ரி 328இல், அதாவது கி.பி. 940இல், குராசானின் பூஸ்ஜான் என்னும் ஊரில் பிறந்தவர், 998இல் மறைந்தார். வானியலிலும் கோணக் கணிதத்திலும் பெரும் பெயர் பெற்ற அவர், கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவக் கணிதம் குறித்துத் தனி நூல் ஒன்று எழுதினார். விண்மீன்களைக் கணித்த ஒருவர் தச்சருக்கும் கொத்தருக்கும் நூல் எழுத உட்கார்ந்தது சிறிய செய்தி அன்று.

அந்நூலின் முதல் அத்தியாயம் எந்த வடிவத்தைப் பற்றியதும் அன்று. அது கோல், கவராயம், மூலைமட்டம் ஆகிய மூன்று கருவிகளைப் பற்றியது. கருவி பிழையானால் வேலை முழுவதும் பிழையாகும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறார். நம் ஊர்க் கொத்தனார்களுக்கும் இந்தச் சோதனை தெரியும். கோலை வைத்து ஒரு கோடு இழுக்க வேண்டும்; பிறகு கோலைப் புரட்டி அதே இரு முனைகளுக்கு இடையே மீண்டும் இழுக்க வேண்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் கோல் நேரானது. நடுவில் இடைவெளி தெரிந்தால் கோல் வளைந்திருக்கிறது. மூலைமட்டத்தையும் இவ்வாறே புரட்டிச் சோதிக்கலாம். வளைவை அளக்கப் புறப்படுபவர் தம் நேர்க்கோல் நேரானதுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அறிஞர்களும் கைவினைஞர்களும் கூடிப் பேசிய அமர்வுகளில் அபுல் வஃபா கலந்துகொண்டார். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரு பெரிய சதுரமாக்குவது எப்படி என்ற கேள்வி அங்கு எழுந்தது. கைவினைஞர்கள் சில வழிகளைக் காட்டினார்கள். பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும் அவற்றுள் சில கணக்கில் தவறாயிருந்தன. அறிஞர்களுக்கோ ஆதாரம் காட்டத் தெரிந்ததே தவிர, கத்தரித்து ஒட்டும் வழி தெரியவில்லை. அபுல் வஃபா இரண்டு சதுரங்களைக் குறுக்காக வெட்டி நான்கு முக்கோணங்களாக்கினார். மூன்றாம் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் அவற்றை வைத்தார். வெளிமூலைகளைக் கோட்டால் இணைத்து, கோட்டுக்கு வெளியே நீட்டிய துண்டுகளை வெட்டி உள்ளே இருந்த வெற்றிடங்களில் பொருத்தினார். சதுரம் முழுமையடைந்தது. இரு சாராரின் குறையையும் அவர் மறைக்கவில்லை; ஒருவர் மற்றவரிடம் கற்க வேண்டியதைக் காட்டினார்.

அதே நூலில், சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் எரிக்கண்ணாடிக்கான மாதிரித் தகட்டை வரையும் வழியும் உண்டு. அந்த வளைவு வட்டம் அன்று, பரவளைவு எனப்படுவது. சாதாரணக் கவராயத்தால் அதை ஒரே வீச்சில் இழுக்க முடியாது. எனவே கோலும் கவராயமும் கொண்டு அவ்வளைவின் மீதுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, பிறகு அவற்றை இணைக்கச் சொல்கிறார். வெட்டியெடுத்த தகடே கண்ணாடி செய்பவருக்கு அளவுகோலாகிறது.

இரண்டு முளையும் ஒரு நூலும்

வட்டம் அல்லாத வளைவுகளை ஒரே இழுப்பில் வரைய வழி இல்லையா? இக்கேள்வியை இவருக்கு முன்பே 9ஆம் நூற்றாண்டில் பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் அல்ஹசன் இப்னு மூஸா, நீண்ட வட்ட வடிவம் குறித்து ஒரு நூல் எழுதினார். அவர் கையாண்ட முறையைத் தோட்டக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தரையில் இரண்டு முளைகளை அடித்து, அவற்றைச் சுற்றித் தளர்வாக ஒரு நூல் வளையத்தை மாட்ட வேண்டும். ஒரு குச்சியால் நூலை விறைப்பாக இழுத்தபடி சுற்றிவந்தால் நீள்வட்டம் கிடைக்கும். குச்சியிலிருந்து இரு முளைகளுக்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை எப்போதும் மாறாமல் இருப்பதே இதன் இரகசியம். முளைகளை நெருக்கினால் உருவம் வட்டத்தை அணுகும், விலக்கினால் நீளும்.

நிழல் வரையும் வளைவு

இவ்வளவு முயற்சியும் விளையாட்டுக்காக அன்று. ஒரு முஸ்லிமின் அன்றாட வாழ்வில் ஐந்து வேளையும் வளைவுகளோடு தொடர்பு உண்டு. சூரியன் வானில் வளைந்து செல்கிறது. அதன் நிழல் தரையில் வளைந்து செல்கிறது. லுஹரும் அஸரும் அந்த நிழலைக் கொண்டே அறியப்பட்டன.

அரபு நூல்களில் 'இந்திய வட்டம்' என்று அழைக்கப்பட்ட ஒரு முறை உண்டு. சமதளத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன் நடுவில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட வேண்டும். காலையில் நீண்டிருக்கும் நிழல் குறுகிக்கொண்டே வந்து, அதன் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும். அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தையும் குறிக்க வேண்டும். இவ்விரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட வட்ட வில்லை நூலால் அளந்து சரிபாதியாக மடித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். குச்சியின் அடியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இழுக்கும் கோடு வடக்கு தெற்குக் கோடாகும். நிழல் அக்கோட்டைக் கடந்து சாயத் தொடங்கும்போது லுஹர் நேரம் ஆரம்பமாகிறது. நண்பகல் நிழலின் நீளத்தோடு குச்சியின் உயரமும் சேரும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்கும். குச்சியின் உயரத்தைப் போல் இரு மடங்கு சேரும்போது ஹனஃபி மத்ஹபின்படி தொடங்கும். கிப்லாவின் கோணம் தெரிந்தவர் அதையும் இதே கோட்டிலிருந்து அளந்துகொள்ளலாம். ஒரு குச்சியும் ஒரு நூலும் திசையையும் நேரத்தையும் தந்துவிடுகின்றன.

நிழலின் நுனி சென்ற பாதையை நாள் முழுவதும் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களில் மட்டும் அப்பாதை நேர்க்கோடு. நம் நாட்டிலும் பக்தாதிலும் மற்ற நாள்களில் அது அதிபரவளைவு எனப்படும் வளைவாக அமையும். எனவே பள்ளிவாசலுக்கு நிழற்கடிகாரம் அமைப்பவர் அத்தகைய வளைவுகளை வரையத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு தந்தவர் 10ஆம் நூற்றாண்டின் அபூ ஸஹ்ல் அல்கூஹீ. தபரிஸ்தானைச் சேர்ந்த அவர் முதலில் கடைத்தெருவில் கண்ணாடிக் குப்பிகளை வீசிப் பிடித்து வித்தை காட்டியவர் என்று வரலாற்றாசிரியர் ழஹீருத்தீன் அல்பைஹகீ குறிப்பிடுகிறார். (இவர் ஹதீஸ் துறையின் இமாம் பைஹகீ அல்லர்.) பின்னாளில் கணிதத்தில் ஈடுபட்டு அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார் அல்கூஹீ.

'முழுமைக் கவராயம்' என்னும் கருவியை விளக்கி அவர் ஒரு நூல் எழுதினார். சாதாரணக் கவராயத்தில் இரு கால்களின் நீளமும் மாறாதவை. அல்கூஹீயின் கவராயத்தில் ஒரு கால் பலகையின் மேல் சாய்ந்து நிலையாக நிற்கும். அதைச் சுற்றி மாறாக் கோணத்தில் சுழலும் மற்றொரு கால் குழல் வடிவானது. குழலினுள் எழுதுகோல் மேலும் கீழும் நழுவும். அதனால் அதன் நுனி எப்போதும் தாளைத் தொட்டுக்கொண்டே செல்லும். சுழலும் கால் காற்றில் ஒரு கூம்பை உருவாக்குகிறது. தாள் அந்தக் கூம்பை வெட்டுகிறது. நிலைக்கால் செங்குத்தாக நின்றால் வட்டம் விழும். சற்றுச் சாய்த்தால் நீள்வட்டம். கூம்பின் ஒரு விளிம்பு தாளுக்கு இணையாகும்வரை சாய்த்தால் பரவளைவு. அதற்கும் மேல் சாய்த்தால் அதிபரவளைவு. நான்கு வளைவுகளுக்கும் ஒரே கருவி.

இதைப் புரிந்துகொள்ள வீட்டிலுள்ள டார்ச் விளக்கே போதும். இருட்டறையில் சுவருக்கு நேராக விளக்கைப் பிடித்தால் ஒளி வட்டமாக விழும். மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் வட்டம் நீண்டு, பின்னர் ஒரு பக்கம் திறந்த வளைவாக மாறும். பிள்ளைகள் இதைக் காண மகிழ்வார்கள்.

கி.பி. 988இல் பக்தாதில் அமீர் ஷரஃபுத் தவ்லாவின் வானாய்வகத்தை நடத்தியவரும் அல்கூஹீதான். அங்கே சூரியனை அளந்தபோது அபுல் வஃபா உள்ளிட்ட அறிஞர்கள் உடனிருந்தனர். அளந்த முடிவு எழுத்தில் பதிவு செய்யப்பட்டு, உடனிருந்தோர் சாட்சியாகக் கையொப்பமிட்டனர். கடன் பத்திரத்துக்குச் சாட்சி வைப்பதுபோல் ஓர் அளவுக்கும் சாட்சி வைத்தார்கள்.

குப்பாவை அளந்தவர்

இனி, தொடக்கத்தில் விட்டுவந்த குப்பாவிடம் திரும்புவோம். அதற்கு விடை சொன்னவர் கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்காஷீ. ஈரானின் காஷான் நகரத்தவர். உலுக் பேக் மன்னரின் அழைப்பில் சமர்கந்து சென்று, அங்கு வானாய்வுப் பணியில் ஈடுபட்டார். 1429இல் அங்கேயே மறைந்தார்.

ஹிஜ்ரி 830இல், கி.பி. 1427இல், அவர் 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' என்னும் பெருநூலை நிறைவு செய்தார். 'கணக்கின் திறவுகோல்' என்பது பொருள். அதன் நான்காம் பகுதி அளவையியல். அப்பகுதியின் இறுதியில் கட்டடங்களை அளப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வாயில் வளைவுகளை வரையும் ஐந்து முறைகளை அவர் அங்கு விளக்குகிறார். எல்லாம் கோலும் கவராயமும் கொண்டு கொத்தர் செய்யக்கூடியவை. பிறகு, வளைவின் அகலத்தை அளந்து ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும்படி எண்களைக் கணித்துத் தருகிறார். கடினமான கணக்கு முழுவதையும் தாமே செய்துவிட்டுக் கட்டுமானக்காரரின் கையில் ஒரேயொரு பெருக்கலை மட்டும் கொடுத்தார்.

கூம்பிய குப்பாவுக்கும் அவ்வாறே. அவர் எடுத்துக்கொண்ட வடிவத்துக்கு, அடி விட்டத்தின் வர்க்கத்தை ஏறத்தாழ 1.775ஆல் பெருக்கினால் மேற்பரப்பு கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் விட்டம் 20 அடி, வர்க்கம் 400. பாதிப் பந்து என்று கொண்டால் பரப்பு ஏறத்தாழ 628 சதுர அடி. காஷீயின் வடிவமாக இருந்தால் 710 சதுர அடி. வேறுபாடு 82 சதுர அடி! சுண்ணாம்பும் கூலியும் அந்த 82 சதுர அடிக்கும் சேர்த்தே ஆகும். அதைக் கணக்கில் விட்டவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏணியில் நின்றவருக்கு நட்டம் நட்டம்தான். அறியாமையால் வரும் குறைவையும் போக்குவது அறிஞரின் கடமை என்பதை அந்த எண் உணர்த்துகிறது.

தேன்கூடுபோல் அடுக்கடுக்காகத் தொங்கும் முகர்னஸ் வேலைப்பாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதை நான்கு வகையாகப் பிரித்தார். அதிலுள்ள பெரிய முகத்தின் அடிப்பக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றையெல்லாம் அதனால் அளக்கும் வழி சொன்னார். பார்ப்போரைத் திகைக்கவைக்கும் அந்த அழகுக்கு அடியில் ஒரேயொரு கோல் இருக்கிறது.

கவராயம் எடுத்துவைத்த அடிகள்

காஷீயின் மிகப் பெரிய சாதனை இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1424இல் நிகழ்ந்தது. அதைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

மொட்டை மாடியில், 35 செ.மீ. நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து மறுமுனையில் சுண்ணக்கட்டியைக் கட்டி ஒரு வட்டம் வரையுங்கள். அதன் விட்டம் 70 செ.மீ. அதே 35 செ.மீ. அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி, வட்டத்தின் மேல் அடி அடியாக எடுத்துவைத்தால் சரியாக ஆறு அடிகளில் தொடங்கிய இடம் வரும். மொத்தம் 210 செ.மீ. ஆனால் வட்டத்தின் மேல் நூலைப் படியவைத்து அளந்தால் ஏறத்தாழ 220 செ.மீ. வரும். குச்சி குறுக்கு வழியில் சென்றதால் 10 செ.மீ. குறைந்துவிட்டது. இனி ஒவ்வோர் அடியையும் இரண்டாக்கி 12 சிறு அடிகளாக அளந்தால் 217.4 வரும். 24 அடிகளானால் 219.3. 48 அடிகளானால் 219.75. அடி சிறுக்கச் சிறுக்க உண்மை நெருங்கிவருகிறது.

காஷீ செய்ததும் இதுவே. ஆனால் அவர் 80,53,06,368 அடிகளை எண்ணத்தால் எடுத்துவைத்தார். அத்தனை பக்கங்கள் கொண்ட உருவத்தை வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் பொருத்திக் கணக்கிட்டு, சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் புள்ளிக்குப் பின் 16 இலக்கங்கள்வரை சரியாகக் கண்டார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் அவரை யாரும் மிஞ்சவில்லை.

கணக்கைத் தொடங்கும் முன்பே எங்கே நிறுத்துவது என்பதையும் அவர் வரையறுத்துக்கொண்டார். தாம் அறிந்த பேரண்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டாலும் பிழை ஒரு குதிரைமயிரின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதுவே அவர் வைத்த எல்லை. பிழையே இல்லை என்று அவர் கூறவில்லை. பிழை இவ்வளவுக்கு மேல் போகாது என்று பொறுப்பேற்றார்.

அல்குவாரிஸ்மியின் மூன்று விடைகள், அபுல் வஃபாவின் புரட்டிப் பார்த்த கோல், அல்கூஹீயின் சாட்சிக் கையொப்பங்கள், காஷீயின் குதிரைமயிர் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே பண்பு தெரிகிறது. தம் அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை மற்றவருக்கு உள்ளபடி சொல்வது. இதை நாம் அமானிதம் என்கிறோம். கடை வைத்திருப்பவருக்கும், துணி வெட்டித் தைப்பவருக்கும், வீடு கட்டக் கொடுப்பவருக்கும், கட்டுபவருக்கும் அது பொதுவானது.

அடுத்த முறை பள்ளிவாசலுக்குச் செல்லும்போது தலையை உயர்த்தி வாயில் வளைவையும் குப்பாவையும் சற்று நேரம் பாருங்கள். உடன் வரும் பிள்ளையிடம், "இதை எப்படி அளந்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் ஒரு நூலை எடுத்து அதன் கையில் கொடுங்கள்.